பெட்டியில் எழுதிய தமிழ்

தம்பி,

உன் சுகத்தை விசாரித்து எழுத வேண்டிய தேவை எனக்கு இல்லை. நீ கீழே பேஸ்மென்டில் இருக்கிறாய், நான் மேலே குசினி மேசையில் இருக்கிறேன், நீ தும்மினால் எனக்குக் கேட்கும். ஆனாலும் எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். அதற்குப் பிறகு நீயும் தரணியும் ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்புவது தாயின் வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது புத்தி இல்லை, கோபம். "படிச்ச பெடியன், நல்ல வேலையை எறிஞ்சுபோட்டு வீட்டில இருக்கிறானாம்" என்று எங்கள் ஆட்கள் கடைகளிலும் விருந்துகளிலும் கதைப்பது என் காதுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆளாளுக்குப் போன் எடுத்து விளக்கம் சொல்ல என்னால் ஏலாது. அதனால் உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நீ வெட்கப்படுவாய். படு. வெட்கம் ஒரு கிழமையில் போய்விடும்.

இப்படியான கடிதங்களில் தாய்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. நீ சின்ன வகுப்புப் படிக்கும்போது வங்கிக்கும் கரண்ட் கொம்பனிக்கும் போன் எடுத்து, எனக்குப் பதிலாக உன்னைக் கதைக்க விட்டேன். பிள்ளையைப் பெரியாள் வேலை செய்ய வைத்தேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தக் காலத்தில்தான் போனின் மறுபக்கத்தில் மனிதர்கள் குறைந்து இயந்திரம் கதைக்கத் தொடங்கியது. ஓம் என்றால் 'யெஸ்' சொல்லுங்கள் என்றது. நான் யெஸ் என்றேன். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றது. மெல்லச் சொன்னேன், உறுக்கிச் சொன்னேன், மூக்காலும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நீ என் கையிலிருந்து போனை வாங்கி ஒரே ஒரு தரம் சொன்னாய். அது உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "நீங்களும் அதையேதானே அம்மா சொன்னீங்கள். ஏன் அதுக்கு விளங்கேல்லை?" என்று கேட்டாய். "ஏன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் நான் பிழையாச் சொல்லேல்லை" என்றேன். அந்தப் பதிலில் இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

அப்படிச் சொல்ல எனக்குக் கனகாலம் எடுத்தது என்பது உனக்குத் தெரியாது. கனடாவுக்கு வர முதல் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்து விசாவுக்குக் காத்திருந்தேன். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை வாய் திறப்பதில்லை. காசை நீட்டி இடத்தின் பெயரை மட்டும் சொல்வேன். அதையும் அறையில் பலதரம் சொல்லிப் பழகிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். செக்பொயின்ரில் நின்ற ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்க்க முதல், எங்கே போகிறாய் என்று கேட்பான். நான் எங்கே போனால் அவனுக்கென்ன? அந்தப் பதில் என் வாயிலிருந்து எப்படி வருகிறது என்பதைத்தான் அவன் கேட்டுக்கொண்டு நிற்பான். ஆளின் பேச்சைக் கேட்டு ஆளை அறிகிற கருவியென்று நான் வாழ்க்கையில் முதன்முதல் கண்டது அவனைத்தான். அவன் ஒருநாளும் பிழை விட்டதில்லை. எங்களைப் பிடிக்க வேண்டும் என்றால் எங்கள் பேச்சு எல்லோருக்கும் நன்றாக விளங்கும். நாங்கள் உதவி கேட்டால்தான் விளங்காமல் போகும்.

றெஜினா அக்கா அப்படி வாயை மூடிக்கொண்டிருந்த ஆள் இல்லை. உனக்கு அவ அன்ரி. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அவ மன்னார்க்காரி. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற பெரிய குசினியில் நானும் அவவும் வருடக்கணக்காக ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஒருநாள் புதிதாக வந்த சுப்பவைசர், லைனில் நிற்கும்போது இங்கிலிஷ் மட்டும்தான் கதைக்க வேண்டும், நீங்கள் என்ன கதைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்குவதில்லை என்றான். நாங்கள் எல்லோரும் வாயை மூடிவிட்டோம். எனக்கு அது பழகின வேலை. றெஜினா அக்கா மட்டும் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அப்ப நீ படி" என்றா. அவனுக்கு விளங்கவில்லை. இங்கிலிஷிலும் சொன்னா. "யூ லேர்ண்." அவன் சிவந்துபோய் நின்றான். பிறகு போய்விட்டான். அவவை வேலையால் நிற்பாட்டவும் இல்லை. அன்று மத்தியானத்திலிருந்து லைனில் பழையபடி தமிழும் பிலிப்பைன்ஸ்காரரின் தகலொக்கும் பஞ்சாபியும் கேட்டது. அந்த மனுசியைப் பற்றி இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம், அவவுக்குப் பிறகு நடந்தது என்ன மாதிரியான ஒரு ஆளுக்கு நடந்தது என்று எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

நீ படித்து முடித்து அந்தக் கொம்பனியில் சேர்ந்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான். வயது போனவர்கள் கழுத்தில் மாலை மாதிரிப் போடுகிற ஒரு சின்னக் கருவி. விழுந்துவிட்டால், ஏலாமல் போனால், அதோடு கதைத்தால் போதும், அது விளங்கிக்கொண்டு வீட்டுக்காரருக்கோ அம்புலன்சுக்கோ அழைக்கும். பொத்தானும் இருக்கிறது, ஆனால் கையை அசைக்க முடியாதவர் பொத்தானை எப்படி அமத்துவார்? அதுக்குத்தான் பேச்சு. இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். பல மொழிகளில் விளங்க வேண்டும். அதில் தமிழ் உன்னுடைய பொறுப்பு. பரீட்சித்துப் பார்க்க ஆட்கள் தேவை என்று நீ கேட்டபோது றெஜினா அக்காவின் பெயரைச் சொன்னதும் நான்தான். அவ அப்போது அஜக்ஸில், எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி, மகன் வீட்டில் இருந்தா. சில மாதங்கள் அது நன்றாகவே வேலை செய்தது. கருவியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தா. "இவன் என்ர கடைசிப் பெடியன், சொல்லுவழி கேக்கிறான்" என்று என்னிடம் பகிடி விட்டா.

பிறகு கொம்பனி அதை மலிவான சிப்புக்கு மாற்றியது. மொடலை இன்னும் சின்னதாக்கச் சொன்னார்கள். அது என்ன என்று நான் கேட்க, நீ இதே மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினாய். "மொடல் எண்டுறது ஒரு பெரிய குவியல் எண்கள் அம்மா. சின்னனாக்கிறதெண்டால் அதில கனக்கப் பாவிக்காததை வெட்டி எறியிறது. மிச்சத்தை இறுக்கிக் கட்டுறது." கனக்கப் பாவிக்காதது எண்டால் ஆரின்ர சாமான் என்று கேட்டேன். நீ பாணை வைத்துவிட்டாய். "இங்கிலிஷ் பதிவு மலையா இருக்கு. தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலயும் முக்காவாசி ரீவியில செய்தி வாசிக்கிற தமிழ். எங்கட தமிழ், அதுவும் வயசு போன ஆக்கள் கதைக்கிறது, மூலைக்குள்ள கிடக்கு. வெட்டேக்க முதல் போறது அதுதான்." அப்படியென்றால் கொம்பனிக்கு அது தெரியாதா என்றேன். "அவை எல்லா மொழியையும் சேர்த்து அவரேஜ் பாக்கினம். அவரேஜ் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. நான் திருத்தக் கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறன்" என்றாய். அவர்கள் நேரம் தரவில்லை. பரீட்சிக்கக் கொடுத்திருந்த எல்லாக் கருவிகளுக்கும் புதிய மொடல் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வேலைநாளில், மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரம், றெஜினா அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்தா. வலது கை உடம்புக்குக் கீழே அகப்பட்டுவிட்டது, இடது கையைக் கழுத்துவரைக்கும் கொண்டுபோக ஏலவில்லை. கழுத்திலிருந்த கருவியிடம், "விழுந்துபோனன், எழும்பேலாமல் கிடக்கு, மகனைக் கூப்பிடு" என்றா. கருவி, மன்னிக்கவும், மீண்டும் கூறவும் என்றது. அதற்குத் தெரிந்த தமிழ் அது. அவ மீண்டும் கூறினா. மன்னிக்கவும் என்றது. மெல்லச் சொன்னா, அழுது சொன்னா, ஏசினா, பிறகு மாதாவைக் கூப்பிட்டா. ஒவ்வொரு முறையும் அது மரியாதையாக மன்னிப்புக் கேட்டது. மருமகள் பின்னேரம் வந்து கதவைத் திறக்கும்வரை அந்தக் குளிர்ந்த நிலத்தில் கிடந்தா. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. நீயும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் முகத்தைப் பார்த்ததும் அவ ஏசுவா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் பிழையாக் கதைச்சிட்டனோ?" என்று கேட்டா. சுப்பவைசரைப் பார்த்து நீ படி என்று சொன்ன மனுசி.

அடுத்த நாள் கொம்பனியில் நடந்ததை நீ அப்பாவுக்கும் எனக்கும் ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். தமிழைச் சரிப்பண்ணும்வரை கருவியைக் கடைகளுக்கு விடவேண்டாம், அல்லது அதை விற்கிற பெட்டியில் எழுதியிருக்கிற மொழிகளில் தமிழை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாய். உன் மனேஜர் பொல்லாத மனுசி இல்லை, நீ சொன்னதைக் கவலையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாவாம். ஆனால், "தமிழ் வேலை செய்யுது. ஒவ்வொரு தமிழருக்கும் வேலை செய்யும் எண்டு நாங்கள் சொல்லேல்லையே" என்றாவாம். "அப்ப பெட்டியில அப்பிடியே எழுதுங்கோ" என்று நீ சொன்னாயாம். தமிழ் தயார் என்று பொறுப்பானவன் என்ற முறையில் நீ சொன்னால் போதும் என்றார்கள். நீ சொல்லவில்லை. இன்னொரு ஆளைப் பிடித்துச் சொல்ல வைப்போம் என்றார்கள். அன்று பின்னேரம் உன் கோப்பையையும் பூச்சட்டியையும் தூக்கிக்கொண்டு ரெயினில் வந்து இறங்கினாய்.

அப்பாவை நான் இந்தக் கடிதத்தில் காப்பாற்றப் போவதில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. "ஒரு கிழவி விழுந்ததுக்கு ஆரும் வேலையை விடுவாங்களே? உவனுக்கென்ன விசரே? இஞ்சரும், உம்மட பிள்ளைக்கு நீர் சொல்லும்" என்றார். "அந்தக் கிழவிக்கும் எனக்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம். நாளைக்கு நான் விழுந்தாலும் இதைத்தான் சொல்லுவியளோ?" என்று கேட்டேன். அவர் கராஜுக்குப் போய் அங்கே நெடுநேரம் எதையோ அடுக்கினார். பிறகு சில கிழமைகள் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது உனக்கு எவ்வளவு நொந்தது என்று எனக்குத் தெரியும். உன் வயதுப் பிள்ளைகள் ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு பார்த்துக்கொண்டிருக்க, நீ பேஸ்மென்டில் பழைய கொம்பியூட்டர்களை வாங்கிப் பூட்டினாய். உன்னோடு வேலை செய்த சோமாலியப் பிள்ளை ஹோடனும் தன்ர வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். அவளுடைய தாயின் மொழிக்கும் அதே வெட்டுத்தான் விழுந்திருந்தது. வெளியே பனி கொட்டிய அந்த மாரியில் உங்கள் மெசின்களின் சூட்டில் பேஸ்மென்ட் அனல் மாதிரி இருந்தது. நான் மோர்மிளகாயைத் தட்டில் பரப்பி அங்கே காயவைத்தேன். ஹோடன் தும்மித் தும்மி வேலை செய்தாள், ஒருநாளும் குறை சொல்லவில்லை. போகும்போது தாய்க்கென்று ஒரு போத்தல் மிளகாயும் கொண்டுபோனாள்.

உங்களுக்கு வேண்டியிருந்தது குரல்கள். எழுதி வைத்ததை வாசிக்கிற குரல் இல்லை. சமைக்கும்போது, ஏசும்போது, மூச்சு வாங்கும்போது கதைக்கிற குரல். அதற்கு நான் உன்னோடு வந்தேன். கோயில் மண்டபம், தேவாலயத்தின் கீழ்மண்டபம், முதியோர் சங்கம், மாடிவீடுகள். எங்கள் ஆட்கள் முதலில் பயந்தார்கள். செல்வரத்தினம் அண்ணையின் வீட்டில் நீ போனை எடுத்து மேசையில் வைத்ததும் அவர் எழும்பி நின்றுவிட்டார். "தம்பி, என்ர குரலை ஒருக்கால் பதிஞ்சவங்கள். ஊரில, விசாரணை எண்டு ஒரு அறைக்குள்ள வைச்சுப் பதிஞ்சவங்கள். அதுக்குப் பிறகு நான் எந்தச் சாமானுக்கு முன்னாலயும் கதைக்கிறேல்லை." நீ போனை நிறுத்திக் கழற்றி, கொண்டுபோய்க் காருக்குள் வைத்துவிட்டு வந்து, அவரோடு இருந்து தேத்தண்ணி குடித்தாய். கிரிக்கெட் கதைத்தாய். வெளியே வந்த பிறகு, இன்னொரு நாள் கேட்டுப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். "இல்லை அம்மா. அவர் சொல்லிப்போட்டார்" என்றாய். உன்னைப் பெற்றதற்காக நான் பெருமைப்பட்ட நாள் எது என்று யாராவது கேட்டால், நீ பட்டம் வாங்கிய நாளைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டு வாசலைத்தான் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "எங்க போகவேணும்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நடக்க ஏலாதவர்களை ஏற்றி இறக்குகிற வேலை முழுக்க அவருடையது. தன்ர குரலையும் கொடுத்தார். என்ன கதைக்கிறது என்று கேட்டார், உங்களுக்குப் பிடிச்சதைக் கதையுங்கோ என்றாய். 401 நெடுஞ்சாலையில் பனிக்குள் எப்படிக் கார் ஓட வேண்டும் என்று நீ நிறுத்தச் சொல்லும்வரை கதைத்தார். வேலையை விட்டது சரி என்று அவர் இன்றுவரை வாயால் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். நீ எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நீங்களும் மொடலை வெட்டத்தான் செய்தீர்கள். ஒரு பழைய போனுக்குள் அடங்க வேண்டும் என்றால் வெட்டாமல் முடியாது. ஆனால் அவரேஜைப் பார்த்து வெட்டவில்லை. "ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஆருக்குக் கூட அடி விழுந்திருக்கு எண்டு பாக்கிறம் அம்மா. கடைசியா நிக்கிறவைக்கு விளங்காட்டில் அந்த வெட்டு வேண்டாம்" என்றாய். சில மாதம் ஒன்றும் சரிவரவில்லை. தமிழைத் தூக்கினால் சோமாலி விழுந்தது, சோமாலியைத் தூக்கினால் தமிழ் விழுந்தது. நீயும் ஹோடனும் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்து, சாப்பிடாமல் எழும்பிப் போன நாட்களை நான் கண்டேன். கைவிடு என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் சோற்றைப் போட்டுக்கொண்டுவந்து வைத்தேன்.

பிறகு றெஜினா அக்கா வோக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தா. படியிறங்க அவவால் ஏலாது, அதனால் நீங்கள் போனை மேலே குசினிக்குக் கொண்டுவந்தீர்கள். அவ வாயைத் திறக்க மாட்டேன் என்றா. "உதுக்கு என்ர தமிழ் சரிவராது பிள்ளை, நீ கதை" என்று என்னைப் பார்த்தா. "அன்ரி, உங்கட தமிழ் சரி. அது படிச்சதோ இல்லையோ எண்டுதான் பாக்கப்போறம்" என்று நீ சொன்னாய். அவ போனை முறைத்துப் பார்த்தா. நல்லாக மூச்சை இழுத்து, "செவிட்டுச் சாமானே, அண்டைக்கு விழுந்துபோனன் எழும்பேலாமல் கிடக்கு எண்டு கத்தினன், கேட்டியோ?" என்றா. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறின. செவிட்டு என்பதைச் செவ்வாய் என்று எழுதியது. மற்றதெல்லாம் அவ சொன்னபடியே வந்தது. எழும்பேலாமல் கிடக்கு என்று, அவவின் வாயில் எப்படி வந்ததோ அப்படியே. நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுத் தானும் வாசித்தா. "செவ்வாயோ? இன்னும் படிக்கக் கிடக்கு" என்றா. அதைச் சொன்ன குரல் பழைய றெஜினா அக்காவின் குரல். ஹோடன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

அது பரவலாகத் தெரியவந்த பிறகுதான் பழைய கொம்பனி உன்னைத் திரும்பக் கூப்பிட்டது. பெரிய பதவி, கூடச் சம்பளம், நீ சேர்த்த குரல் பதிவுகள் அத்தனையும் அவர்களுக்கு. உள்ளூர உனக்கு ஆசை வந்திருக்கும், வராவிட்டால் நீ மனிதன் இல்லை. நீ செய்தது என்னவென்றால், குரல் தந்த எல்லோரையும் தேவாலயத்தின் கீழ்மண்டபத்துக்குக் கூப்பிட்டு, இது உங்கட சாமான், நீங்கள் சொல்லுங்கோ என்றாய். சிலர் கொடுக்கலாம் என்றார்கள். பெரிய கொம்பனி, கெதியாச் செய்து முடிப்பாங்கள் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. வாக்குவாதம் முற்றி ஆளாளுக்குக் கதைக்கத் தொடங்கியபோது, பின் வரிசையிலிருந்து றெஜினா அக்கா வோக்கரை ஊன்றி எழும்பினா. "நான் என்ர குரலை அவைக்கு ஒருக்கால் குடுத்தனான். அவை கேக்கேல்லை" என்றா. அவ்வளவுதான் சொன்னா. இருந்துவிட்டா. அதற்குப் பிறகு கொடுப்போம் என்று கை உயர்த்தியவர்கள் மிகச் சிலர். பதிவுகள் முதியோர் சங்கத்தின் பொறுப்பில் இருப்பது, மொடலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பாவிப்பது என்று முடிவாயிற்று. யார் வேண்டுமானாலும் என்றால் அந்தக் கொம்பனியுமா என்று நான் கோபத்தோடு கேட்டேன். "அவையும்தான் அம்மா. விழுறவைக்கு எந்தப் பெட்டி எண்டு பாத்து விழ ஏலாது" என்றாய். எனக்கு இன்னும் அது முழுதாகச் செமிக்கவில்லை. ஆனால் நீ சொல்வது சரி. இப்போது அவர்களுடைய பெட்டியில் தமிழ் என்ற சொல் இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள். நீ கேட்ட இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது.

இதைத்தான் எங்கள் ஆட்கள், வேலையை எறிந்துவிட்டு வீட்டில் இருக்கிறான் என்கிறார்கள். பெண் வீட்டுக்குச் சாப்பிடப் போன அன்று தரணியின் பெரியப்பா, "தம்பி இப்ப சும்மாதான் இருக்கிறாரோ?" என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ தலையைக் குனிந்து சிரித்தாய். தரணிதான் சொதியைப் பரிமாறிக்கொண்டே, "பெரியப்பா, நான் வேலை செய்யிற வார்டில தமிழ் அம்மாமார் எங்க நோகுது எண்டு சொல்லுறதை இவரின்ர சும்மாதான் எங்களுக்குச் சொல்லுது" என்றாள். அவள் நேர்ஸ், நோவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன், இவள் என் மருமகள், சம்பந்தம் குழம்பினாலும் இவள் என் மருமகள் என்று. ஆனால் நீ தலை குனிந்தது எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. பணிவு என்று நீ நினைத்திருப்பாய். பணிவு வேறு. தரணியோடு வாழும்போது அவளுக்கு முன்னால் பணிந்து போ, வீட்டில் தோற்றுப் போ, அதில் குறை இல்லை. ஆனால் உன் வேலையைக் குறைத்துக் கேட்பவனுக்கு முன்னால் சிரித்துச் சமாளிக்காதே. நீ சிரித்தால் றெஜினா அக்காவும் செல்வரத்தினம் அண்ணையும் ஹோடனின் தாயும் சேர்ந்துதான் சிறுத்துப் போகிறார்கள்.

காசு கஷ்டம் வரும். ஹோடனும் நீயும் பிரியக்கூட வரலாம். நாளைக்கு இதைவிடச் சின்ன மொடலை வேறு யாராவது செய்து, உங்களுடையதைக் குப்பையில் போடக்கூடும், இந்தத் தொழில் அப்படித்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வரட்டும். எது வந்தாலும், தயார் இல்லாததைத் தயார் என்று நீ சொல்லவில்லை. அதை உன்னிடமிருந்து யாரும் அப்டேற் பண்ணி எடுக்க முடியாது.

கடைசியாக ஒன்று. வரவேற்பில் மாப்பிள்ளையின் தாய் சில வார்த்தைகள் பேச வேண்டுமாம். தரணியின் வேலையிடத்து ஆட்கள், உன் சிநேகிதர், எங்கள் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் வருவதால், இங்கிலிஷில் சுருக்கமாக முடித்துவிடுங்கோ என்று மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்துகிற பெடியன் மரியாதையாகப் போனில் சொன்னான். வேண்டுமென்றால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னான். நல்ல பிள்ளை, நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நான் என் தமிழில், நான் குசினியில் கதைக்கிற தமிழில், சொல்ல வேண்டியது முழுவதையும் சொல்லப் போகிறேன். விளங்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கட்டும், சாப்பாடு கொஞ்சம் ஆறட்டும். நீ மணவறையில் நெளியாதே, மணிக்கூட்டைப் பார்க்காதே. நிமிர்ந்து இரு. நான் பேசி முடிக்க நேரம் எடுக்கும்.

மேலே குசினியிலிருந்து,
உன் அம்மா